இரண்டு டி.பி.க்கு மேல் கிடையாது

அலுவலகத்தில் அவரை எல்லாரும் டி.பி. என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் டி.பி. நெஞ்சில் நோய் எதுவும் கிடையாது அவருக்கு. கம்ப்யூட்டரில் இடத்தை அளக்கும் டெராபைட்டைச் சுருக்கி டி.பி. என்பது கம்ப்யூட்டர்காரர்களின் வழக்கம். யார் எவ்வளவு இடம் கேட்டு வந்தாலும் "ரெண்டு டி.பி.க்கு மேல கிடையாது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது அவருடைய வழக்கம். இரண்டும் சேர்ந்து பெயராகிவிட்டது. அவர் கேண்டீனுக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு மேஜையிலிருந்து பொய் இருமல் ஒன்று கிளம்பும். சுற்றியிருப்பவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். முதன்முதலில் இருமியது யார் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய சொந்த மருமகன்தான்.

அந்த நிறுவனத்துக்கு நகரெங்கும் ஸ்கேன் மையங்கள் இருந்தன. எந்த மையத்தில் யாருடைய மண்டையைப் படமெடுத்தாலும், யாருடைய முழங்காலைப் படமெடுத்தாலும், அந்தப் படம் கம்பி வழியாக ஓடிவந்து தலைமை அலுவலகத்தின் அடித்தளத்தில் இருந்த சர்வர் அறையில் விழும். விழுகிற இடம் டி.பி.யின் பெட்டி. ஆளுயரக் கறுப்பு அலமாரி அது. உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பச்சை விளக்கு. அறைக்குள் எப்போதும் பல் கிட்டும் குளிர். விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. டி.பி.க்கு அந்த இரைச்சல் பிடித்திருந்தது. யாரும் அங்கே நின்று பேச்சுக் கொடுக்க முடியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய மேஜை. மேஜையை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு காவி ஏறிய சுவெட்டர். அதை அவர் துவைக்கக் கொண்டுபோய் யாரும் பார்த்ததில்லை.

பெட்டியிலுள்ள இடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கேட்கிற பிரிவுகளுக்குக் கொடுப்பதுதான் அவர் வேலை. தன் தொடையிலிருந்து சதையை அறுத்துக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பார். எதற்கு, எத்தனை நாளைக்கு, போன தடவை வாங்கியதை என்ன செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்பார். கேட்க வந்தவனுக்கு ஏன்தான் வந்தோமோ என்று இருக்கும்.

ஆனால் ஒரு காலத்தில் அவர் ஒருவனை மட்டும் அப்படி நடத்தவில்லை. ஒரே இயந்திரத்துக்குள் பல சர்வர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல நடக்க வைக்கும் மென்பொருளை நிறுவனம் வாங்கியபோது, அதைக் கட்டி மேய்க்க ஆள் தேவைப்பட்டது. நேர்காணலுக்கு வந்தவர்களில் துடிப்பாகப் பேசிய ஒருவனை டி.பி.யே தேர்ந்தெடுத்தார். தன் மேஜைக்கு எதிரிலேயே அவனுக்கு மேஜை போடச் சொன்னார். வெளியூர்ப் பையன், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறான் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்துப்போனார். மனைவி பரிமாறினாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்த மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வருடம் கழித்து அவர்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றபோது, டி.பி. கதவைத் திறந்தார், பார்த்தார், சாத்திக்கொண்டார்.

"வேற எவனையாவது கட்டியிருந்தா கூடப் பரவாயில்ல" என்று மனைவியிடம் கத்தினார். "என் தட்டுல தின்னுட்டு, என் எதிர்லயே உக்காந்துக்கிட்டு, ஒரு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?" என்றாள் மனைவி.

அப்படிக் கேட்டதற்காக அவளோடும் ஒரு வாரம் பேசவில்லை.

அலுவலகத்தில் மேஜைகள் மட்டும் நகரவில்லை. எதிரும் புதிருமாக இருவரும் உட்கார்ந்தார்கள். வேண்டியதைக் கம்ப்யூட்டரில் வேண்டுகோளாக அனுப்புவான் மருமகன். கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்திலிருந்து டி.பி. அதே வழியில் மறுப்பை அனுப்புவார். நடுவே ஒரு மின்விசிறி, யார் பக்கமும் முழுசாகத் திரும்பாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சண்டைக்கு ஒரு காரணம் வாகாக வந்து அமைந்தது. சர்வர்களை மேய்க்கும் அந்த மென்பொருள் பழைய பதிப்பு. அதில் ஒரு டிஸ்க் இரண்டு டெராபைட்டைத் தாண்டக்கூடாது. மயிரிழைகூடத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஏற்காது. புதிய பதிப்பில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், முப்பது மடங்கு பெரிய டிஸ்க்கைக்கூடப் போடலாம். ஆனால் புதிய பதிப்புக்கு மாறவேண்டுமென்றால் டி.பி.யின் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும்.

மருமகன் முதல் தடவையாக, வேண்டுகோள் அனுப்பாமல், எழுந்து வந்து மேஜை முன் நின்றான்.

"சார், ஸ்கேன் படமெல்லாம் நிரம்பி வழியுது. ஒரு ஞாயித்துக்கிழமை நிறுத்தினா போதும், ரெண்டு பக்கமும் புதுசு பண்ணிடலாம்."

"என் பெட்டியில கை வைக்க முடியாது."

"ஏன்?"

"ஓடிக்கிட்டிருக்கு. ஓடறதை எவனாவது கெடுப்பானா?"

"ஓடல சார், இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு டி.பி.ங்கிறது சாமி குடுத்த வரம் இல்ல, அது ஒரு பழைய குறை. அதைப் போய் நீங்க காவல் காத்துக்கிட்டு இருக்கீங்க."

"காக்கறவன் காக்கறான். திருடறவன் திருடறான்" என்றார் டி.பி.

அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மருமகன் காது சிவந்து போய் உட்கார்ந்தான். மறுநாள் மதியம் கேண்டீனில் அந்த முதல் இருமல் கேட்டது.

படங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு டிஸ்க்தான் காட்ட வேண்டும். இரண்டாவது இடத்தைக் காட்டினால் அதற்குப் புரியாது. வேறு வழியில்லாமல் மருமகன் மூன்று டிஸ்க்குகளைச் சர்வருக்குள்ளேயே ஒன்றோடொன்று தைத்து, மென்பொருளின் கண்ணுக்கு ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டினான். ஒன்று நிரம்பியதும் படங்கள் அடுத்ததில் போய் விழும். ஆபத்தான தையல்தான் அது. நடுவிலோ ஓரத்திலோ ஒரு துண்டை உருவினாலும் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அது அவனுக்கும் தெரியும்.

மூன்றும் நிரம்பும் நேரம் வந்தபோது நாலாவதாக ஒரு துண்டு கேட்டான். ‘ஸ்கேன் படங்களுக்கு' என்று போட்டுக் கேட்டதை டி.பி. திருப்பி அனுப்பினார். அந்தக் கணக்கில் போதுமான இடம் கொடுத்தாகிவிட்டது, பழைய படங்களை அழித்துக்கொள்ளவும் என்று எழுதினார். நோயாளிகளின் படத்தை அழிக்கக்கூடாது என்பது சட்டம். அது தெரிந்தேதான் எழுதினார். மருமகன் பல்லைக் கடித்தான். அடுத்த வாரம், ‘சோதனை வேலைக்கு, தற்காலிகம்' என்று போட்டு இரண்டு டெராபைட் கேட்டான். சோதனை என்றால் டி.பி. அதிகம் துருவுவதில்லை, எப்படியும் பிடுங்கிக்கொள்ளலாம் என்ற தெம்பு. கொடுத்துவிட்டார். மருமகன் அதைச் சத்தமில்லாமல் மற்ற மூன்றோடு நாலாவதாகத் தைத்துவிட்டான். அதன்பிறகு எடுத்த படமெல்லாம் அந்த நாலாவது துண்டில்தான் போய் விழுந்தது.

சோதனைத் துண்டுகளுக்குப் பேக்கப் எடுப்பதில்லை என்பது டி.பி. போட்ட விதி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகன் நினைத்தான். நினைத்தது நினைப்பாகவே நின்றது.

ஐந்து மாதம் போயிருக்கும். தவணை கடந்த சோதனைத் துண்டுகளை டி.பி. களையெடுக்கத் தொடங்கினார். பட்டியலில் அந்தத் துண்டும் இருந்தது. வழக்கப்படி எல்லாருக்கும் மெயில் போட்டார்: சொந்தக்காரர் வியாழக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அழிக்கப்படும். மருமகனிடமிருந்து பதில் வரவில்லை. வராது. டி.பி.யிடமிருந்து வரும் மெயில்கள் எல்லாம் தானாகவே குப்பைக்குப் போகும்படி அவன் எப்போதோ செய்துவைத்திருந்தான். வேண்டுகோளுக்குப் பதில் வந்தால் அது வேறு வழியில் தெரியும், மற்றபடி அந்த மனிதர் எழுதும் வசவுகளைப் படிப்பானேன் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில், எதிர் மேஜை காலியாக இருந்தது. மருமகன் வேறொரு மையத்துக்குப் போயிருந்தான். டி.பி. சுவெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அழிப்பதற்கு முன் அந்தத் துண்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமில்லை, பழக்கம்.

கோடு மலைபோல ஏறியிருந்தது. ஸ்கேன் மையங்கள் கதவு திறக்கும் நேரத்தில் ஏறத் தொடங்கி, மதியம் கொஞ்சம் சரிந்து, மாலையில் மீண்டும் ஏறி, மையங்கள் மூடும் நேரத்தில் படுத்துவிடுகிற கோடு. ஒவ்வொரு நாளும் அதே கோடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரையோடு தரையாக இருந்தது.

சோதனை டிஸ்க் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்காது. பெட்டியோடு அத்தனை காலம் குடித்தனம் நடத்தியவருக்கு அது விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ‘அடப்பாவி, ஸ்கேன் படத்தையா இதுல போட்டிருக்கே' என்று முணுமுணுத்தார். தன்னை மறுபடியும் ஏமாற்றிவிட்டான். தன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, தன் பெட்டியிலிருந்தே, பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. கேண்டீன் இருமல் நினைவுக்கு வந்தது.

தொலைபேசி கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

அழி என்று கட்டளை கொடுத்தார். ‘இந்தத் துண்டு பயன்பாட்டில் உள்ளது. நிச்சயமாக அழிக்கவா?' என்று பெட்டி கேட்டது. விதிப்படி அறிவித்தாயிற்று, பதில் வரவில்லை, இனி என் மேல் ஒரு தூசு ஒட்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆம் என்றார்.

அவ்வளவுதான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. பச்சை விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. டி.பி. எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அடித்தளத்தில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் அலறிக்கொண்டிருந்தன.

தையல் முழுக்க அவிழ்ந்துவிட்டது. எந்த மையத்திலும் ஒரு படம் திறக்கவில்லை. புதிதாக எடுத்த படத்தை வைக்க இடமில்லை. ஸ்கேன் அறைகளில் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து இறக்கி உட்கார வைத்தார்கள். மருமகன் ஓடிவந்து உட்கார்ந்தான், திரையைப் பார்த்தான், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி டி.பி.யைப் பார்த்தான். திருமணத்துக்குப் பிறகு அவன் அவர் கண்ணை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாலாவதை அழிச்சிட்டீங்களா?"

"சோதனைத் துண்டு. தவணை முடிஞ்சது. மெயில் போட்டேன்."

"சார்... அது..." திரையின் பக்கம் திரும்பிப் பேக்கப்பைத் தேடத் தொடங்கினான்.

பேக்கப்பிலிருந்து முதல் மூன்று துண்டுகளை ஒருவழியாக மீட்டார்கள். நாலாவதுக்குப் பேக்கப் இல்லை. ஐந்து மாதப் படங்கள் போனது போனதுதான். கையில் அச்சுப் படம் வாங்கிப்போனவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களை மறுபடி வரச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்சினார்கள்.

அடுத்த வாரம் டி.பி. ஏதோ வேலையாக அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குப் போனபோது, வரவேற்பு மேஜை முன்னால் ஒரு லாரி ஓட்டுநர் நின்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, தலையில் துணி கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"திரும்பப் படம் எடுக்கலாம்ங்க, இலவசமாவே" என்றாள் வரவேற்புப் பெண்.

"எடுத்து? புதுப் படம் இன்னிக்கு எப்படி இருக்குன்னுதானே காட்டும்? போன தடவைக்குக் கட்டி வளந்திருக்கா, சுருங்கியிருக்கான்னு பாத்துத்தான் மருந்தை மாத்தணும்னு டாக்டர் சொல்றாரு. போன தடவை எப்படி இருந்துச்சுன்னு நீங்கதானே வச்சிருந்தீங்க? அதை நான் எங்க போய் எடுப்பேன்?"

அந்தப் பெண் அழுதுவிடும் நிலையில் இருந்தாள். "எங்களுக்கே தெரியலங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ ஆயிடுச்சு."

"ஏதோ ஆயிடுச்சுன்னா? தானா ஆகுமா? எவனாவது ஒருத்தன் பண்ணாமயா ஆகும்?"

டி.பி. வந்த வேலையை விட்டுவிட்டுப் படியிறங்கினார். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார். ‘எல்லாம் அவனால' என்று தட்டைத் தள்ளினார்.

விசாரணை மேல்மாடியில், நீளமான மேஜை போட்ட ஓர் அறையில் நடந்தது. மேலாளர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். கறாரான பெண்மணி, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தால் அவர் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். மருமகன் எதையும் மறைக்கவில்லை. பொய்ப் பெயரில் வாங்கியதைச் சொன்னான், தைத்ததைச் சொன்னான், மெயில்களைக் குப்பைக்கு அனுப்பி வைத்திருந்ததையும் சொன்னான். பிறகு, "ஆனா மேடம், ஓடிக்கிட்டிருக்கிற துண்டை அழிச்சா அந்தப் பெட்டி கேக்கும். பயன்பாட்டுல இருக்குன்னு சொல்லும். அது இவருக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றான்.

மேலாளர் அம்மா டி.பி. பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு. அவங்க சோதனைதான் ஏதோ ஓடுதுன்னு நெனச்சேன். ஸ்கேன் படம்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரு வேறதானே போட்டிருந்தாங்க?"

குரல் பிசிறவே இல்லை. மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்று மாலையே மருமகனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவன் போனான். எதிர் மேஜை காலியானது. டி.பி. மின்விசிறியைத் தன் பக்கம் முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

ஆனால் நிம்மதி வரவில்லை. மகள் வந்தாள். கல்யாணத்தன்று சாத்திய கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"விதிப்படி செஞ்சேன்."

"நான் அதைக் கேக்கலப்பா. கோர்ட்ல தினமும் இந்தப் பதிலைத்தான் அடிச்சுக்கிட்டிருக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாதவங்க எல்லாம் விதியைத்தான் சொல்லுவாங்க."

"புருஷனுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"அவரு பண்ணதும் தப்புதான். அதை அவர் வாயாலயே சொல்லிட்டாரு. நீங்க?"

"வெளிய போ" என்றார் டி.பி.

அவள் போனாள். மனைவி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு இருந்தது, குழம்பு இருந்தது, பேச்சு இல்லை. "உப்பு" என்றால் உப்பு வரும், அவ்வளவுதான்.

படங்கள் போன கலவரத்தில் நிறுவனம் விழித்துக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தார்கள். அவர்கள் புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள், எல்லாவற்றையும் புதுப் பதிப்புக்கு மாற்றினார்கள். குழுவோடு வந்த ஒரு பெண் பொறியாளர், டி.பி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சூயிங்கம் மென்றபடி இருபது டெராபைட்டில் ஒரே டிஸ்க்கை உண்டாக்கினாள். "அவ்ளோதான் சார்" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். டி.பி.யின் கறுப்பு அலமாரியைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள். டி.பி.க்குக் குளிர்சாதன இயந்திரங்களையும் கதவுப் பூட்டுகளையும் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே விறுவிறுவென்று மேல்மாடி ஏறி மேலாளர் அம்மாவின் அறைக்குள் நுழைந்தார். உண்மையைச் சொல்லும் ஆசையெல்லாம் இல்லை. இந்த அம்மாளின் முகம் ஒரு தடவையாவது வெளிறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"அது ஸ்கேன் படம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அழிச்சேன்."

மேலாளர் அம்மாவின் முகம் வெளிறவில்லை. "இப்ப எதுக்கு சார் இதைச் சொல்றீங்க?"

"உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"அன்னிக்கு இல்லையா அது?"

மேலாளர் அம்மா எதிரே கிடந்த காகிதங்களை அடுக்கினார்.

"இன்ஷூரன்ஸ்காரங்க கிட்ட ஒரு பையனோட தப்புன்னு சொல்லி முடிச்சாச்சு. ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியாச்சு. இப்பப் போய் இதைக் கிளறினா யாருக்கு என்ன லாபம்? நீங்க கதவைப் பாத்துக்கிறீங்கல்ல? அதைப் பாருங்க. போறப்ப இந்தக் கதவையும் சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டுத்தான் வந்தார். நடைபாதையில் நின்றார். சொன்ன பொய்யை உடனே நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் கதவைச் சாத்தச் சொல்கிறார்கள். லாரி ஓட்டுநரின் குரல் காதுக்குள் வந்தது. ‘எவனாவது ஒருத்தன் பண்ணாமயா ஆகும்?' முதல் தடவையாக, அந்த ஒருவன் தான்தான் என்று யாரிடமாவது சொல்லி, அவர்கள் நம்பவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

மகள் வீடு குறுகலான ஒரு தெருவில், இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகவேண்டிய மாடியில் இருந்தது. டி.பி. அங்கே போனதே இல்லை. விலாசத்தை மனைவியிடம் கேட்டபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை, தெருப் பெயரை மட்டும் சொன்னாள். கதவைத் திறந்த மகள் வழிவிடாமல் நின்றாள்.

"அவன் இருக்கானா?"

"அவன் இல்ல. அவர்."

டி.பி. திருத்திக்கொண்டார். "அவர் இருக்காரா?"

மருமகன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, யாரோ கடைக்காரருடைய கம்ப்யூட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"தெரிஞ்சுதான் அழிச்சேன்" என்றார் டி.பி. உட்காரச் சொல்ல யாரும் இல்லாததால் நின்றுகொண்டே சொன்னார்.

"தெரியும்" என்றான் மருமகன். திருப்புளியைக் கீழே வைத்தான். "அதை என்கிட்ட வந்து சொல்றீங்க? நான் என்ன பண்ணணும், கைதட்டணுமா? மீட்டிங்ல என் மூஞ்சியைப் பாத்து இல்லன்னீங்க. இப்ப போற இடத்துலெல்லாம், படத்தையெல்லாம் தொலைச்ச ஆள்தானேன்னு கேட்டுட்டு அனுப்பிடறாங்க. என் பங்குத் தப்பை நான் சுமக்கறேன். உங்க பங்கையும் சேத்து ஏன் சார் சுமக்கணும்?"

"என்ன பண்ணணும்கிற?"

"எழுதுங்க. நிர்வாகத்துக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு, இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு. எல்லாருக்கும்."

"எழுதறேன். நாளைக்கு..."

"நாளைக்கு வேண்டாம்" என்றாள் மகள். "படி இறங்கறதுக்குள்ள உங்க மனசு மாறிடும். எனக்குத் தெரியும் உங்களை. சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

மேஜையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவனுக்குக் காத்திருப்பதுபோல முகத்தில் எதுவும் காட்டாமல் விரல்களை வைத்துக்கொண்டாள். டி.பி. சொல்லச் சொல்ல, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் அடித்துக்கொண்டே போனாள்.

"...மேற்படி துண்டை நான் கவனக்குறைவாக..."

விரல்கள் நின்றன. அவள் திரும்பவில்லை. "கவனக்குறைவாகவா?"

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"தெரிந்தே" என்றார் டி.பி.

தெரிந்தே என்று அடித்தாள்.

முடித்ததும் அவருடைய மெயிலிலிருந்தே அனுப்பச் சொன்னாள். அனுப்பினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அந்த மெயில் செய்யவேண்டியதைச் செய்தது. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது டி.பி.யை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழியனுப்ப யாரும் வரவில்லை. கேண்டீனைத் தாண்டிப் போனபோது யாரும் இருமவும் இல்லை, இருமுவதற்குக்கூட அவர் மேல் அக்கறை மிஞ்சியிருக்கவில்லை. மேலாளர் அம்மா இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. அந்த லாரி ஓட்டுநரின் மனைவி என்ன ஆனாள் என்று டி.பி.க்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் துணிச்சலும் வரவில்லை. மருமகனுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவன் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. இவரும் மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனைவி இப்போது பேசுகிறாள், தேவைக்கு மட்டும். வாராவாரம் மகள் வீட்டுக்குப் போவாள். டி.பி. பஸ்ஸில் அவளோடு போய், தெருமுனைவரை பையைச் சுமந்து, அங்கே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் வரச்சொல்லி அவள் கூப்பிடுவதில்லை.

ஒரு நாள் மருமகன் வேலையிலிருந்து திரும்பும் வழியில் அந்தக் கடைக்குள் நுழைந்தான். டி.பி.யைப் பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்று அவர் நினைத்தார். போகவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, எதிர்ச் சுவரில் ஓடிய டி.வி.யைப் பார்த்தபடி குடித்தான். டி.பி.யும் அதே டி.வி.யைப் பார்த்தார். திரையில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரின் மழையைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். குடித்து முடித்த மருமகன் எழுந்து, தன் டீக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அதுவே சரி என்று டி.பி.க்குப் பட்டது. இவர் டீக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தானானால் அவர் அந்தக் காசை எடுத்துக்கொண்டு தெருவில் அவன் பின்னாலேயே ஓடியிருப்பார். கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு டீ சொன்னார். மனைவி வர இன்னும் நேரம் இருந்தது.